நட்சத்திரம் கட்டாத வீட்டில் திருவருகைக்காலம்

நவம்பர் கடைசி வாரத்தில் கருமத்தம்பட்டி, சோமனூர், பல்லடம், பெருந்துறை, தாராபுரம் பக்கம் போனால் கிறிஸ்தவ வீட்டு வாசல்களில் காகித நட்சத்திரம் ஏறத் தொடங்கியிருக்கும். பல ஊர்களில் பத்து வீடு, இருபது வீடு என்றுதான் நம்மவர்கள் இருப்பார்கள். அதனால் நட்சத்திரம் கட்டாத வீடு எது என்பது ஊருக்கே தெரிந்துவிடும். சாவு விழுந்த வீட்டில் அந்த வருஷம் நோம்பி (பண்டிகை) கும்பிடுவதில்லை என்பது இங்கே மதம் கடந்த வழக்கம், ஆகவே யாரும் காரணம் கேட்கமாட்டார்கள். ஆனால் சாவு விழாமலே இருண்டு கிடக்கும் வாசல்களும் உண்டு. தறி நின்றுபோன வீடு, வாரக் கந்து கட்ட முடியாத வீடு, வளர்ந்த மகன் மாதக்கணக்கில் அறையைவிட்டு வெளியே வராத வீடு.

இந்த வீடுகளில் இருப்பவர்களுக்கும், அன்பியம் என்ற பக்கத்து வீட்டுக் கத்தோலிக்கக் குழுவின் சார்பிலோ, ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பவுல் சபையின் சார்பிலோ அந்த வாசல்படி ஏறுகிறவர்களுக்கும்தான் இதை எழுதுகிறோம். வீடு வீடாகப் போகிறவர்கள் பார்த்துத் தெரிந்துகொண்டவை இவை. சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை), லுத்தரன் சபையினருக்கு ஜெப முறையும் சொற்களும் கொஞ்சம் மாறும், வேலை மாறாது.

முதலில் ஒன்று தெளிவாக வேண்டும். திருவருகைக்காலம், அதாவது கிறிஸ்துமஸுக்கு ஆயத்தமாகும் நான்கு ஞாயிறுகள் கொண்ட காலம், மகிழ்ச்சியாக இருப்பவர்களுக்கான காலம் அல்ல. நவம்பர் 30ஆம் தேதிக்கு மிக அருகில் வரும் ஞாயிறு அதன் தொடக்கம். 2026இல் நவம்பர் 29. முதல் ஞாயிறின் நற்செய்தி எந்த ஆண்டிலும் குழந்தை இயேசுவைப் பற்றி இருக்காது. ஆண்டவர் மீண்டும் வரும் நாளைப் பற்றியும் விழித்திருப்பதைப் பற்றியும்தான் இருக்கும். 2026இன் முதல் வாசகம் இறைவாக்கினர் எசாயா நூலின் 63, 64ஆம் அதிகாரங்களிலிருந்து வருகிறது: வானத்தைப் பிளந்துகொண்டு இறங்கி வரமாட்டீரா என்று கடவுளிடம் மன்றாடும், பாதி கோபமும் பாதி அழுகையுமான குரல். டிசம்பர் 16 வரை வழிபாடு ஏறத்தாழ இந்தத் தொனியில்தான் போகும். 17ஆம் தேதிதான் பெத்லகேம் பக்கம் திரும்பும். சாமியார் ஊதா உடுத்துகிறார், ஞாயிறு திருப்பலியில் வானவர் கீதம் என்ற புகழ்ச்சிப் பாடல் இல்லை, பீடத்தில் பூ குறைவு. மனம் உடைந்த ஒருவர் முகத்தைச் சரிசெய்துகொள்ளாமலே வந்து உட்காரலாம். டிசம்பர் பிறந்ததுமே கேக் வெட்டிக் கொண்டாட்டத்தைத் தொடங்கிவிடும்போதுதான் அவருக்குக் கோவிலில் இடமில்லாமல் போகிறது. வீடு வீடாகப் பாடிப் போகும் கேரல் ரவுண்ட்ஸை 17ஆம் தேதிக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள் என்று கோவிலின் பங்குப் பேரவையில் வற்புறுத்துவதற்கு இதுவே போதுமான காரணம்.

எரேமியா கிரயம் செய்த நிலம்

எதிர்நோக்கு என்றால் என்ன என்று கேட்டால் விவிலியத்தில் இறைவாக்கினர் எரேமியா நூலின் 32ஆம் அதிகாரத்தைத்தான் வாசிக்கச் சொல்வோம். பாபிலோன் படை எருசலேமை முற்றுகை போட்டிருக்கிறது. எரேமியாவோ அரண்மனைக் காவல்கூட முற்றத்தில் அடைபட்டிருக்கிறார். அந்த நேரம் பார்த்து அவருடைய தந்தையின் உடன்பிறந்தவர் மகன் அனமேல் வந்து, அனத்தோத்து ஊரிலுள்ள நிலத்தை நீயே வாங்கிக்கொள் என்கிறான். நாடே பறிபோகும் என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவர் இவர்தான். இருந்தும் 17 செக்கேல் வெள்ளியை நிறுத்துக் கொடுக்கிறார். சாட்சிகள் கையெழுத்துப் போடுகிறார்கள். முத்திரையிட்ட பத்திரம் ஒன்று, திறந்த நகல் ஒன்று, இரண்டையும் தன் எழுத்தர் பாரூக்கிடம் கொடுத்து, நெடுநாள் கெடாமல் இருக்க மண்பாண்டத்தில் போட்டு வைக்கச் சொல்கிறார்.

பத்திரம், சாட்சி, கிரயம் என்றால் என்னவென்று நம் ஊர்க்காரருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எதிரி கைக்குப் போகப்போகிற நிலத்துக்கு யாராவது முழுப்பணம் எண்ணிக் கொடுப்பார்களா? எரேமியா கொடுத்தார். கொடுத்துவிட்டு நிம்மதியாகவும் இல்லை. ஊரே விழப்போகும்போது நிலம் வாங்கச் சொல்கிறீரே என்று கடவுளிடமே குழம்பி நிற்கிற அவருடைய மன்றாட்டு அதே அதிகாரத்தில் இருக்கிறது. நல்ல உணர்ச்சி வந்த பிறகு அவர் செயல்படவில்லை. அடுத்த அதிகாரத்தில் அதே சிறையிலிருந்து சொன்ன வாக்குதான், தாவீதின் மரபிலிருந்து நீதியின் தளிர் முளைக்கும் என்பது. கோவிலில் ஞாயிறு வாசகங்கள் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை சுழலும். அதில் மூன்றாம் ஆண்டின் திருவருகைக்கால முதல் ஞாயிறின் முதல் வாசகம் அது.

இதே எரேமியாவின் 29ஆம் அதிகாரம் 11ஆம் வசனத்தை, வளமான எதிர்காலம் தருவேன் என்கிற அந்த வாக்கை, அட்டையில் அச்சடித்துக் கொடுப்பார்கள். அதற்கு முந்தைய வசனத்தையும் சேர்த்து வாசித்துவிட்டுக் கொடுங்கள். பாபிலோனில் எழுபது ஆண்டு முடிந்த பிறகு என்று அங்கே இருக்கிறது. அந்தக் கடிதத்தைக் கையில் வாங்கியவர்களில் பெரும்பாலோர் ஊர் திரும்பியிருக்கமாட்டார்கள். அதனால்தான் 5ஆம் வசனம் வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், அதன் விளைச்சலைச் சாப்பிடுங்கள் என்கிறது. இந்த டிசம்பருக்குள் உங்கள் கடன் தீரும், வேலை கிடைக்கும் என்று மேடையில் தேதி குறித்துச் சொல்கிறவர்களை நாங்கள் கடுமையாகவே எதிர்க்கிறோம். தேதி தாண்டியதும், தன் விசுவாசம்தான் போதவில்லை போல என்று அந்த மனிதர் தன்னையே குற்றம் சாட்டிக்கொள்கிறார். ஜனவரியில் அந்த வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் டிசம்பரில் இருந்ததைவிட ஆழத்தில் இருப்பார்.

கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் விடுவதற்கு முன்னால் கொப்பு வாய்க்காலைச் செதுக்கித் தூர்வாருவார்கள். செதுக்கியதால் அணை திறப்பதில்லை. செதுக்காமல் விட்டால், திறந்த தண்ணீர் நம் வயலுக்கு வருவதில்லை. ஆண்டவருக்காக வழியை ஆயத்தமாக்குங்கள் என்ற எசாயா 40ஐ இப்படித்தான் புரிந்துகொள்ள வேண்டும். நான்கு வாரத்துக்கும் வாரம் ஒன்றாக ஒரு வேலை எடுத்துக்கொள்ளுங்கள். அது மூன்று மாதம் கழித்துப் பலன் தரும் வேலையாக இருக்க வேண்டும், ஒரு வாரத்துக்குள் முடிய வேண்டும், புதுக் கடன் வாங்காமல் செய்ய முடிய வேண்டும். புறக்கடையில் ஒரு முருங்கைக் குச்சி நடுவது. பாதியில் விட்ட தையல் வகுப்புக்கு மறுபடி பெயர் கொடுப்பது. காலாவதியான ஓட்டுநர் உரிமத்தைப் புதுப்பிப்பது. பேச்சுவார்த்தை இல்லாமல் போன அண்ணனுக்கு ஒரு போன். பெரிய தீர்மானம் எதுவும் எடுக்க வேண்டாம். துயரத்தில் இருப்பவர் வீட்டை விற்பது, ஊரை விட்டுப் போவது போன்ற முடிவுகளைக் கொஞ்ச காலத்துக்குத் தள்ளி வைப்பதே நல்லது.

விளக்கு வளையம்

நான்கு ஞாயிறுக்கு நான்கு விளக்கு ஏற்றும் இந்த வளையத்தை வசதியான வீட்டு அலங்காரம் என்று பலர் நினைக்கிறார்கள். 1839இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் ஏழைப் பிள்ளைகளுக்கான இல்லம் நடத்திய யோகான் ஹின்ரிக் விக்கர்ன் என்ற லுத்தரன் போதகர் செய்தது அது. கிறிஸ்துமஸ் எப்போது என்று பிள்ளைகள் நச்சரிக்க, ஒரு வண்டிச் சக்கரத்தில் வாரநாள்களுக்குச் சின்னச் சிவப்பு மெழுகுவர்த்திகளும் ஞாயிறுகளுக்கு நான்கு பெரிய வெள்ளை மெழுகுவர்த்திகளும் வைத்தார். ஒன்றுமில்லாத பிள்ளைகளுக்காகச் செய்தது என்பதால்தான் துயர வீட்டுக்கும் அது பொருந்துகிறது. நட்சத்திரம் கட்டாதவர்கள்கூட இதை ஏற்றலாம். வாசலுக்குத் தெரியாது, வீட்டுக்குள் இருப்பவர்களுக்கு மட்டும் தெரியும்.

ஊசியிலை மரக்கிளை தேடி ஊட்டிக்குப் போக வேண்டியதில்லை. பானை வைக்கும் பிரிமணையில் பெரியதாக, ஓர் அடி விட்டம் இருப்பது ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். வேப்பிலை சுற்றினால் மூன்றாம் நாள் சுருண்டு உதிரும். சவுக்குக் கிளை பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் காய்ந்ததும் சட்டென்று தீப்பிடிக்கும். மணிப்ளாண்ட் கொடியை வெட்டி, வெட்டுவாயைத் தண்ணீர் ஊற்றிய சின்ன மருந்துப் பாட்டிலில் செருகி, கொடியைப் பிரிமணை மேல் சுற்றிவிட்டால் நான்கு வாரமும் பச்சையாக இருக்கும். இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீரைப் பார்த்தால் போதும். வளையத்துக்கு நடுவில் ஓர் எவர்சில்வர் தட்டு, அதில் ஒரு விரல் உயரத்துக்கு மணல், மணலில் நான்கு அகல். நெருப்புக்கும் இலைக்கும் நான்கு விரல் இடைவெளி இருக்கட்டும். பிரிமணை வைக்கோலோ நாரோ, இரண்டும் எரியும். பனியன் துணி அடுக்கி வைத்திருக்கும் லைன் வீட்டில் தொங்கும் துணிக்குக் கீழே ஒருபோதும் வைக்காதீர்கள். மின்விசிறியை விளக்கு எரியும் பத்து நிமிடம் நிறுத்திவிடுங்கள்.

அகல் நல்ல யோசனை என்பதற்குக் காரணம் உண்டு. கார்த்திகை தீபம் திருவருகைக்காலத்தை ஒட்டியே வருவதால் எந்தச் சந்தையிலும் மலிவாகக் கிடைக்கும். புது அகலை சில மணி நேரம் தண்ணீரில் ஊறப்போட்டுக் காயவைத்த பிறகு எண்ணெய் ஊற்றுங்கள், இல்லாவிட்டால் மண்ணே எண்ணெயைக் குடித்துவிடும். தேங்காய் எண்ணெய் வேண்டாம். மார்கழிப் பனியில் உறைந்துபோய்த் திரி பிடிக்காது. நல்லெண்ணெய் ஒரு சின்னக் கரண்டி போதும். மூன்று அகலின் விளிம்பில் ஊதாச் சாயம், மூன்றாம் ஞாயிறுக்கான அகலில் மட்டும் ரோஜா நிறம். மெழுகுவர்த்திதான் வேண்டும் என்றால் 20 செ.மீ. உயரமும் கட்டைவிரல் தடிமனும் உள்ளதாக வாங்குங்கள். முதல் வர்த்திதான் நான்கு வாரமும் எரிய வேண்டும். மின்தடைக்கு வாங்கும் மெல்லிய வர்த்தி முதல் வாரத்தைத் தாண்டாது.

ஏற்றும் நேரம் ஒன்றாக இருக்கட்டும். ஒன்றரை ஷிப்ட் முடித்து எட்டரை மணிக்கு மேல் வீடு சேர்கிறவர்கள் இருந்தால் இரவு ஒன்பது. இல்லையென்றால் விடிகாலை, பால் வாங்கி வந்த பிறகு. விளக்கு, ஒரு வாசகம், இரண்டு நிமிட மௌனம், இறந்தவர் பெயரோ வேலை தேடுகிறவர் பெயரோ சத்தமாகச் சொல்வது, ‘விண்ணுலகில் இருக்கிற’ என்று தொடங்கும், இயேசு கற்பித்த செபம். அவ்வளவுதான், பத்து நிமிடம். முதல் வாரம் எசாயா 64, இரண்டாம் வாரம் எசாயா 40:1-11, மூன்றாம் வாரம் எசாயா 61:1-4, நான்காம் வாரம் லூக்கா முதல் அதிகாரம். ஒரே பகுதியை வாரம் முழுக்க வாசிப்பது நல்லது. துக்கத்தில் மனம் வாசித்ததைப் பிடிக்காது, நாலாம் நாள்தான் ஒரு வரி உள்ளே போகும். ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் ஈடுகட்ட வேண்டாம். விட்ட இடத்திலிருந்து தொடருங்கள்.

முறையிடத் தெரிய வேண்டும்

திருப்பாடல்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புலம்பல்கள். நம் செபக் கூட்டங்களில் அவற்றை எடுப்பதே இல்லை, நன்றிப் பாடல்களோடு நிறுத்திக்கொள்கிறோம். இதனால் என்ன ஆகிறதென்றால், வலியில் இருப்பவர் செபிக்கவே முடியாமல் போகிறார். பொய் சொல்ல மனம் வருவதில்லை, உண்மையைச் சொல்லப் பயம்.

13ஆம் திருப்பாடல் ஆறே வசனம். முதல் இரண்டில் எத்தனை காலம் என்ற கேள்வி நான்கு முறை வரும். அடுத்த இரண்டில் வேண்டுதல். கடைசி இரண்டில் நம்பிக்கை. இதே வரிசையில் ஒரு நோட்டில் தன் பேச்சில் எழுதச் சொல்லுங்கள். எழுத்துத் தெரியாதவர் சொல்ல, பேரப்பிள்ளை எழுதலாம். இப்படி இருக்கலாம்:

“ஆண்டவரே, எத்தன நாளைக்குத்தான் பாராத மாதிரி இருப்பீங்க? தறி நின்னு மூணு மாசமாச்சுங்க. வெச்ச நகை ஏலத்துக்கு வருது. ராத்திரி தூக்கமில்லீங்க. புள்ளைங்க முன்னாடி ஒடஞ்சு போகாம இருக்க மட்டும் தெம்பு குடுங்க. அம்மா ஆஸ்பத்திரில கெடந்தப்ப நீங்க கைவிடலீங்க, அத நான் மறக்கல.”

கடைசி வரியைக் கவனியுங்கள். நன்றாக இருக்கிறேன் என்ற உணர்ச்சி அதில் இல்லை, நடந்த ஒன்றை நினைவுகூர்வது மட்டும் இருக்கிறது. அப்படி எதுவும் நினைவுக்கு வரவில்லை என்றால் வேண்டுதலோடு நிறுத்திவிடலாம். 88ஆம் திருப்பாடல் இருளிலேயே முடிகிறது, அதுவும் இறைவாக்குதான். சிறையிலிருந்த திருமுழுக்கு யோவானே, வர வேண்டியவர் நீர்தாமா, இல்லை வேறொருவருக்காகக் காத்திருக்கவா என்று ஆள் அனுப்பிக் கேட்டார். மத்தேயு 11இல் இருக்கும் இந்தப் பகுதியை முதலாம் ஆண்டுச் சுழற்சியில், மகிழ்ச்சி ஞாயிறு என்று பெயர் பெற்ற மூன்றாம் ஞாயிறன்றே திருச்சபை வாசிக்கிறது. அவர் கேட்டதற்காக இயேசு கடிந்துகொள்ளவில்லை, பெண்ணிடம் பிறந்தவர்களில் அவரைவிடப் பெரியவர் யாருமில்லை என்றுதான் சொன்னார்.

சாவு விழுந்த வீட்டின் முதல் நோம்பி

பண்டிகைநாளைவிட அதற்கு முந்தைய வாரங்கள்தான் கொடுமை. என்ன செய்வது என்று யாரும் பேசாமல் இருப்பதால், ஒவ்வொருவரும் மற்றவருக்காக நடிப்பார்கள். முதல் வாரத்திலேயே வீட்டார் உட்கார்ந்து பேசிவிட வேண்டும். நட்சத்திரம், குடில், புதுத்துணி, பலகாரம், கேரல் குழுவை வீட்டுக்கு அழைப்பது, நள்ளிரவுத் திருப்பலி, கல்லறை என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, இந்த வருஷம் வைத்துக்கொள்ளலாமா, விட்டுவிடலாமா, மாற்றிச் செய்யலாமா என்று கேளுங்கள். சின்னப் பிள்ளைகளையும் கேளுங்கள். குடில் வேண்டும் என்று பிள்ளை சொன்னால் வைக்கலாம், அது செத்தவருக்கு மரியாதைக் குறைவு ஆகாது. கேரல் குழுவினர் வாசலில் மேளத்தோடு வந்து நின்றபின் வேண்டாம் என்று சொல்வது இரண்டு பக்கமும் சங்கடம், ஆகவே முன்கூட்டியே அன்பியப் பொறுப்பாளரிடம் சொல்லிவிடுங்கள். மேளம் இல்லாமல் நாலு பேர் வந்து ஒரே ஒரு பாட்டுப் பாடிவிட்டுப் போவதை விரும்புகிற வீடுகளும் உண்டு. இறந்தவர் பெயரில் திருப்பலிக் கருத்து கொடுப்பதாக (அவருக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுக்கச் சொல்வதாக) இருந்தால் டிசம்பர் முதல் வாரமே அலுவலகத்தில் எழுதிவிடுங்கள், கிறிஸ்துமஸ் வாரத் தேதிகள் சீக்கிரம் நிரம்பிவிடும். 24ஆம் தேதி காலையில் கல்லறைக்குப் போய் வந்தால் அன்றைய இரவு கொஞ்சம் லேசாகும்.

தற்கொலையில் ஒருவரை இழந்த வீட்டில் கூடுதலாக ஒன்றைச் சொல்ல வேண்டும். அவருக்காகச் செபிக்கலாமா என்று கேட்கவே அவர்கள் பயப்படுவார்கள். தற்கொலை செய்தவருக்குத் திருச்சபை அடக்கச் சடங்கை மறுக்கும் விதி, 1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தில் இருந்தது, 1983ஆம் ஆண்டுச் சட்டத்தில் இல்லை. கத்தோலிக்க மறைக்கல்வி ஏடு 2282, 2283ஆம் எண்களில், கடும் மனவேதனை ஒருவரின் பொறுப்பைக் குறைக்கக்கூடும் என்றும், அவர்களின் மீட்பைப் பற்றி நாம் நம்பிக்கை இழக்கக்கூடாது என்றும், திருச்சபை அவர்களுக்காகச் செபிக்கிறது என்றும் சொல்கிறது. அந்த எண்களைத் தாளில் எழுதி அந்தத் தாயின் கையில் கொடுங்கள். உறவில் யாராவது வேறு மாதிரி பேசினால் அவர் எடுத்துக் காட்டட்டும்.

பார்க்கப் போகிறவர்களுக்கு

இரண்டு பேர் போதும். மூன்றாவது ஆள் சேர்ந்தால் தங்களுக்குள்ளேயே பேசத் தொடங்கிவிடுவார்கள். பொழுதோட, ஆறரை ஏழு மணிக்கு, முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போங்கள். அரை மணிக்கு மேல் உட்கார வேண்டாம். கையில் ஒரு தூக்குப்போசி இருக்கட்டும். நாலு பேருக்கு அரிசிம்பருப்பு சாதம் என்றால் இரண்டு டம்ளர் அரிசி, முக்கால் டம்ளர் துவரம்பருப்பு. வேறெதுவும் இல்லாமலே சாப்பிட்டுவிடலாம், பாத்திரம் கழுவும் வேலையும் குறைவு. போசியைத் திரும்ப வாங்கப் போவது இரண்டாவது முறை போக ஒரு சாக்கு.

பேச்சில் தவறுவதுதான் அதிகம். ஆண்டவர் எடுத்துக்கிட்டார், எல்லாம் நன்மைக்குத்தான், அழுதா ஆத்துமாவுக்கு ஆகாது, எங்க வீட்டுலயும் இப்படித்தான், இந்த நாலும் வாயில் வரக்கூடாது. விவிலியத்தில் எல்லாவற்றையும் இழந்த யோபுவின் நண்பர்கள் ஏழு பகலும் ஏழு இரவும் வாய் திறக்காமல் தரையில் உட்கார்ந்திருந்தது வரை சரியாகத்தான் செய்தார்கள், விளக்கம் சொல்லத் தொடங்கியபோதுதான் கெட்டது. “வந்துட்டுப் போலாம்னு வந்தோமுங்க்கா. மத்தியானம் சாப்டீங்களா? ராத்திரி தூக்கம் வருதுங்களா?” இந்த இரண்டு கேள்வியில் பாதி நிலைமை தெரிந்துவிடும். பிறகு, போனவரின் பெயரைச் சொல்லி அவரைப் பற்றி நல்லது ஒன்று சொல்லுங்கள். அழுதால் அழட்டும்.

கடன்

திருப்பூரிலும் சுற்றுவட்டத்திலும் போனஸ் தீபாவளிக்கு வருகிறது. டிசம்பர் வரும்போது அது செலவாகியிருக்கும். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது ஏற்றுமதியை நம்பியிருந்த பனியன் கம்பெனிகளுக்கு ஆர்டர் குறைந்து, ஷிப்டும் குறைந்தது. அப்படிப்பட்ட வருஷத்தில் கிறிஸ்துமஸ் துணிக்காகக் குழுக் கடன் எடுப்பதுதான் பெரும் ஆபத்து. திருவருகைக்காலத்தின் ஒப்புரவு அருட்சாதனத்துக்கு (பாவசங்கீர்த்தனத்துக்கு) ஆயத்தம் செய்வதோடு சேர்த்து, கணவன் மனைவி இருவரும் ஒரு தாளில் எல்லாக் கடனையும் எழுதுங்கள்: யாரிடம், அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, தவணை எந்தக் கிழமை, அடகு என்ன. ஒருவருக்கொருவர் மறைத்த கடன் அந்தத் தாளில் வெளியே வரும். அன்று சண்டை வரலாம். பக்கத்தில் நம்பிக்கையான பெரியவர் ஒருவர் இருந்தால் நல்லது. ரிசர்வ் வங்கி விதிப்படி மைக்ரோ பைனான்ஸ் வசூல்காரர்கள் காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் கூப்பிடக்கூடாது என்பது பலருக்குத் தெரியாது. அநியாய வட்டிக்கு 2003ஆம் ஆண்டுக் கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுக்கலாம், கூடவே ஒருவர் போவது உதவி. தாள் எழுதியதால் கடன் குறையாது, ஆனால் இரவில் தூங்கவிடாமல் செய்யும் கணக்கு ஓர் அளவுக்கு வந்துவிடும்.

செபம் மட்டும் போதாத நிலை

இறைவாக்கினர் எலியா, சூரைச்செடிக்குக் கீழே படுத்துக்கொண்டு சாவு வேண்டும் என்று கேட்டபோது (1 அரசர்கள் 19) வானதூதர் அவருக்கு மறையுரை வைக்கவில்லை. தழலில் சுட்ட அப்பமும் தண்ணீரும் கொடுத்தார், தூங்கவிட்டார், மறுபடி எழுப்பிச் சாப்பிடச் சொன்னார். ஓரேபு மலையில் மெல்லிய ஒலியில் கடவுள் அவரைச் சந்தித்தது அதற்குப் பிறகுதான்.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, பிடித்த எதிலும் மனமில்லை, தன்னைப் பாரம் என்று பேசுகிறார் என்றால் அது சிகிச்சை வேண்டிய நோயாக இருக்கலாம். சாக வேண்டும் போல இருக்கிறதா என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது, கேட்ட பிறகு பலர் மூச்சு விடுகிறார்கள். ஆம் என்றால் தனியே விடாதீர்கள். தோட்டத்துப் பூச்சிமருந்தையும் மாத்திரைகளையும் வீட்டைவிட்டு எடுத்து, பூட்டி, சாவியை வேறொருவரிடம் கொடுங்கள். டெலி மானஸ் என்ற மனநல உதவி எண் 14416, தமிழக அரசின் உதவி எண் 104, இரண்டுமே எந்த நேரமும் எடுக்கும், தமிழில் பேசலாம். உடனடி ஆபத்து என்றால் 108. கோவை, பெருந்துறை, திருப்பூர், கரூர், நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. போலீஸ் கேஸ் ஆகும் என்று பயந்து மறைக்கிறார்கள். 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதி, தண்டிக்காமல் சிகிச்சை தரச் சொல்கிறது.

மாத்திரை சாப்பிடுகிறவரை உபவாசக் கூட்டத்துக்கும் முழு இரவு செபத்துக்கும் கூட்டிப்போகாதீர்கள். லித்தியம் எடுப்பவருக்கு உடம்பில் தண்ணீர் குறைந்தால் மருந்து ரத்தத்தில் ஆபத்தான அளவுக்கு ஏறும். இருமுனை மனநோய் உள்ளவருக்குத் தூக்கம் கெடுவதே நோயைக் கிளப்பிவிடும். விசுவாசத்தில் மாத்திரையை நிறுத்து என்று சொல்கிறவர் யாராக இருந்தாலும் அங்கேயே மறுத்துப் பேசுங்கள்.

துயரப்படுவோருக்கான ஒரு மணி நேரம்

பங்கில் ஒன்று மட்டும் புதிதாகச் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். டிசம்பர் 21ஐ ஒட்டி, வருஷத்தின் நீண்ட இரவில், துயரத்தில் இருப்பவர்களுக்காகத் தனி வழிபாடு. முக்கால் மணி நேரம் செபம், கால் மணி நேரம் டீ. வெளிச்சத்தைக் குறைத்து, 13ஆம் திருப்பாடலையும் எரேமியா 32இலிருந்து நிலம் வாங்கிய பகுதியையும் வாசிக்க வேண்டும். ஒவ்வொருவராக முன்னே போய், பெயரைச் சொல்லியோ சொல்லாமலோ ஓர் அகலை ஏற்றட்டும். மைக்கைக் கையில் கொடுத்துச் சாட்சி சொல்லச் சொல்லக்கூடாது. காணிக்கை எடுக்கக்கூடாது. போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடக்கூடாது. பின்வரிசையில் உட்கார்ந்துவிட்டு யாரிடமும் பேசாமல் எழுந்து போகவும் வழி இருக்க வேண்டும். முதல் ஆண்டு ஆறு பேர் வந்தாலும் நிறுத்திவிடாதீர்கள், இந்த மாதிரிக் கூட்டத்துக்கு ஆள் மெதுவாகத்தான் வருவார்கள். அறிவிப்பில் துயரக் கூட்டம் என்று போட வேண்டாம், மாலை செபம் என்று போட்டு யாருக்கு என்பதை நேரில் போய்ச் சொல்லுங்கள்.

பிறகு ஜனவரி. உதவி எல்லாம் டிசம்பர் 25க்கு முன்னால் குவியும், புத்தாண்டு திருப்பலியோடு நின்றுபோகும். ஆண்டவரின் திருமுழுக்கு விழா வரைக்கும் கிறிஸ்துமஸ் காலம்தான். 2027இல் அது ஜனவரி 10. அந்த நாளுக்குள் ஒருமுறை, பொங்கலுக்கு முந்தைய வாரம் ஒருமுறை என்று டிசம்பரிலேயே நோட்டில் தேதி போட்டு, யார் போவது என்று பெயரும் எழுதிவிடுங்கள். போனால் கேட்க வேண்டியவை: மாத்திரை தீரும் முன் அடுத்த சீட்டு வாங்கியாச்சா, கடன் தாளில் எந்தத் தவணை நிற்கிறது, பிள்ளைக்கு மூன்றாம் பருவக் கட்டணம் கட்டியாச்சா, நட்ட முருங்கைக் குச்சி துளிர்த்ததா, பட்டுப்போயிருந்தால் வேறொன்று நடக் குச்சி வேண்டுமா.